புரோகிராமிங் கற்க முதலில் ஓர் இலக்கு எழுதுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்கள் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி இது. "கடிதம் டைப் செய்யத் தெரிந்துவிட்டது. இன்டர்நெட்டும் பார்க்கிறேன். நானே ஒரு புரோகிராம் எழுத முடியுமா? எந்த மொழி படிக்கலாம்?"

முடியும் என்பதே பதில். ஆனால் எந்த மொழி என்று சொல்வதற்கு முன் நான் ஒன்று திருப்பிக் கேட்பேன். "எழுதி என்ன செய்யப் போகிறீர்கள்?" பலரிடமிருந்து இதற்குப் பதில் வருவதில்லை. இரண்டு முறை என்னிடமும் பதில் இருந்ததில்லை. அந்த இரண்டு முறையும் பாதியிலேயே விட்டுவிட்டேன். மூன்றாவது முறை மட்டும் முடித்தேன். என்ன வித்தியாசம் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நான் விட்ட இரண்டு முறை

2003-ல் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் பணம் கட்டி சி மொழி வகுப்பில் சேர்ந்தேன். என் இலக்கு "சி கற்றுக்கொள்வது". பாயின்டர் என்ற பாடம் வந்ததும் குழம்பினேன். இரண்டு வகுப்பு போகவில்லை. அப்புறம் போக வெட்கமாக இருந்தது.

2009-ல் ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். இத்தனை நாளில் புரோகிராமர் ஆகலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. தினம் ஒரு பாடம் என்று திட்டமிட்டேன். பன்னிரண்டாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணம். திரும்பி வந்தபோது ஐந்து பாடம் பாக்கி. புத்தகம் பரணுக்குப் போயிற்று.

இரண்டிலும் தவறு ஒன்றுதான். "சி கற்றுக்கொள்வது" எப்போது முடியும்? அதற்கு முடிவே கிடையாது. நாள் கணக்கும் உதவாது. நாட்களை எண்ணினால் எத்தனை நாள் தவறியது என்பதுதான் தெரியும். என்ன செய்ய வந்தது என்பது தெரியாது. புகழ்பெற்ற கம்ப்யூட்டர் அறிஞர் பீட்டர் நார்விக் 2001-ல் எழுதிய கட்டுரை ஒன்றுக்கு, பத்து ஆண்டுகளில் புரோகிராமிங்கை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். சில நாட்களில் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லும் புத்தகங்களுக்கு அது பதில். பத்து ஆண்டா என்று பயப்பட வேண்டாம். முழுத் தேர்ச்சிக்குத்தான் அவ்வளவு காலம். உங்கள் வீட்டுக்குப் பயன்படும் ஒரு சிறு புரோகிராமுக்குச் சில வாரங்களே போதும்.

மூன்றாவது முறை: பால் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அம்மா பத்தொன்பது வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். கணக்கு முழுவதும் ஒரு நீள நோட்டில். கண்ணில் புரை வந்த பிறகு அம்மாவுக்குக் கோடுகள் சரியாகத் தெரிவதில்லை.

2022 கடைசியில் ஒரு நாள், கோயில் தெருப் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாட்களுக்கும் பால் எழுதப்பட்டுவிட்டது. நூறு ரூபாய் அதிகம். பெரியம்மா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "காசு பெரிசில்ல. கணக்கு கணக்கா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை. "இனிமே எனக்கு இது முடியாதுடா, மாட்ட வித்துடலாம்" என்றார்.

அன்று இரவு ஒரு தாளில் எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டினேன்: "பத்தொன்பது வீட்டுப் பால் கணக்கைக் கம்ப்யூட்டர் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் சீட்டு வர வேண்டும். அம்மாவின் நோட்டோடு ஒத்துப்போக வேண்டும்."

மொழியின் பெயரே இந்த இலக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மொழியைப் பிறகு தேடினேன். இலவசமாகவும் எளிதாகவும் இருந்ததால் பைதானை எடுத்துக்கொண்டேன். அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம்கூட அதை ஒரு பெரிய திட்டமாகத் தொடங்கவில்லை. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போவதற்காக ஆரம்பித்தார். 1991-ல் முதல் பதிப்பை வெளியிட்டார்.

"எக்செல்லில் போட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு மட்டும் வேண்டுமானால் போதும். கணக்கும் வேண்டும், புரோகிராமிங்கும் வர வேண்டும் என்பவர்களுக்கே இந்த வழி.

இலக்கைத் துண்டு போடுங்கள்

பெரிய இலக்கை அப்படியே வைத்துக்கொண்டால் மறுபடியும் பரண்தான். நான் ஐந்து படிகளாகப் பிரித்தேன்.

1. ஒரே ஒரு வீட்டின் ஒரு மாதத் தொகையைக் கணக்கிடுவது.
2. பால் வாங்காத நாட்களைக் கழிப்பது.
3. பத்தொன்பது வீட்டுக்கும் அதையே திரும்பச் செய்வது.
4. கணக்கைப் பைலில் சேமிப்பது.
5. வீட்டுக்கு ஒரு சீட்டு பிரின்ட் எடுப்பது.

தினமும் அரை மணி நேரம். ஒரு படி முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. ஒவ்வொரு படியும் முடிந்ததா இல்லையா என்பதை நோட்டைப் பார்த்து அம்மாவே சொல்லிவிட முடியும். இலக்கு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

முதல் படியைச் செய்து பாருங்கள்

பைதானை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். அதனுடன் ஐடில் என்ற எழுதும் இடமும் வரும். ஸ்டார்ட் மெனுவில் அதைத் தேடித் திறந்து, கீழே உள்ள வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். பைதான் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பைதானின் மூன்றாம் பதிப்பு இதை ஏற்றுக்கொள்கிறது.

காலை = 500
மாலை = 500
நாட்கள் = 30
விலை = 50
தொகை = (காலை + மாலை) * நாட்கள் * விலை / 1000
தொகை

கடைசியில் 1500.0 என்று விடை வரும். காலை, மாலை இரண்டும் மில்லி லிட்டரில். விலை ஒரு லிட்டருக்கு. நட்சத்திரக் குறி பெருக்கல், சாய்கோடு வகுத்தல். மில்லியை லிட்டராக்கவே ஆயிரத்தால் வகுக்கிறோம். உங்கள் வீட்டு அளவையும் விலையையும் போட்டுப் பாருங்கள். இப்போது நீங்கள் புரோகிராம் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

லிட்டர் என்று எழுதாமல் ஏன் மில்லியில் எழுதினேன்? ஐடிலில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒரு பங்கை அதில் துல்லியமாக எழுத முடியாது. நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவது போலத்தான். எனவே பணக் கணக்கில் முடிந்தவரை மில்லி, பைசா என்று முழு எண்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். இது எனக்குப் புத்தகத்தில் படித்து மனதில் நிற்கவில்லை. ஒரு வீட்டில் 100 மில்லி, 200 மில்லி என்று பால் வாங்கியதால் நின்றது.

தடங்கல் வரும்போது

இரண்டாம் படியில், அளவை கீபோர்டிலிருந்து வாங்கும்படி மாற்றினேன். இன்புட் என்ற கட்டளை அதைச் செய்யும். காலை 500, மாலை 500 தட்டினேன். கூட்டுத்தொகை 500500 என்று வந்தது! இன்புட் வாங்குவது எண்ணை அல்ல, எழுத்தை. இரண்டு எழுத்துத் தொடர்களைக் கூட்டினால் பைதான் அவற்றை ஒட்டிவிடும். இன்ட் என்ற கட்டளையால் அதை எண்ணாக மாற்றிய பிறகு சரியாயிற்று. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின.

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். பெயர் தெரியவில்லை என்று சொன்னால் எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரியில் "நாட்கள்" என்றும் இன்னொன்றில் "நாள்கள்" என்றும் எழுதியிருப்பீர்கள். நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

நான்காம் படியில் இன்னொரு தடங்கல். தமிழ்ப் பெயர்களைப் பைலில் எழுதச் சொன்னதும் என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிழை வந்தது. பைலைத் திறக்கும் கட்டளையில் என்கோடிங் யூடிஎப்-8 என்று குறிப்பிட்டதும் தீர்ந்தது. தமிழில் எழுதுபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவு உரையாடல் சேவைகளிடம் கேட்டால் முழுப் புரோகிராமையும் நொடியில் எழுதித் தந்துவிடும். உங்கள் இலக்கு என்ன என்பதை இங்கேயும் பாருங்கள். கற்றுக்கொள்வது இலக்கு என்றால், "எழுதிக் கொடு" என்று கேட்காமல் "இந்த வரியில் என்ன தவறு?" என்று கேளுங்கள். கிடைத்த பதிலை ஒட்டாமல் கையால் தட்டுங்கள். முதலில் இருபது நிமிடம் நீங்களே போராடுங்கள், பிறகு கேளுங்கள்.

இன்னொரு தாளும் ஒட்டுங்கள்

வேலை நடக்கும்போது புதிய ஆசைகள் வரும். வண்ண ஜன்னல் வைக்கலாமா, செல்போனில் ஓட வைக்கலாமா என்று எனக்கும் தோன்றியது. அவற்றையெல்லாம் "இப்போது வேண்டாம்" என்று தலைப்பிட்ட இரண்டாவது தாளில் எழுதினேன். ஆசையும் போகவில்லை, வேலையும் நிற்கவில்லை. அந்தத் தாளில் ஏழு வரிகள் சேர்ந்தன. அவற்றில் ஐந்து இன்றுவரை தேவைப்படவில்லை.

சோதிக்காமல் முடிந்தது என்று சொல்லாதீர்கள்

2023 பிப்ரவரி கடைசியில் பத்தொன்பது சீட்டுகளும் தயார். மறுநாள் காலை பாலோடு கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் தாளில் மூன்றாவதாக எழுதிய வரி கண்ணில் பட்டது: நோட்டோடு ஒத்துப்போக வேண்டும். நோட்டை எடுத்து வரச் சொல்லி, அம்மாவுக்கு ஒவ்வொரு தொகையாகப் படித்துக் காட்டினேன். முதல் வீட்டிலேயே நிறுத்தினார்.

"ஆயிரத்தி ஐநூறா? என் கணக்குல ஆயிரத்தி நானூறுதான் வருது."

"கம்ப்யூட்டர் தப்பாப் போடாதும்மா."

"எத்தன நாளுக்குப் போட்ட?"

"முப்பது."

"ஏண்டா, பிப்ரவரிக்கு ஏது முப்பது நாளு?"

முதல் படியில் எழுதிய 30 அப்படியே நின்றிருந்தது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு இரண்டு நாள் அதிகம். மறுபடியும் அதே நூறு ரூபாய். அந்தச் சீட்டுகள் போயிருந்தால் ஒரு பெரியம்மா அல்ல, பத்தொன்பது வீடுகளும் கேள்வி கேட்டிருக்கும். கம்ப்யூட்டர் தப்பாகப் போடவில்லை. நான் சொன்னதைச் சரியாகப் போட்டது. நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன்.

பைதானிலேயே காலண்டர் என்ற தொகுப்பு இருக்கிறது. வருடத்தையும் மாதத்தையும் கொடுத்தால் எத்தனை நாட்கள் என்று சொல்லிவிடும். லீப் வருடத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அன்று இரவே அதைச் சேர்த்தேன். பத்தொன்பது தொகைகளும் ஒத்துப்போன பிறகுதான் அம்மா, "சரி, குடுக்கலாம்" என்றார்.

மார்ச் மாதம் கோயில் தெருப் பெரியம்மாவிடம் பழைய நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க அம்மா போனார். கையில் ஒரு மாதிரிச் சீட்டும் இருந்தது. வாங்காத நாட்கள் அதில் தேதியோடு இருக்கும். பெரியம்மா கண்ணாடி போட்டுப் படித்தாராம். அடுத்த வாரத்திலிருந்து காலையில் அரை லிட்டர். மாடுகள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

இந்த மாதப் பயிற்சி

ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள்.

1. உங்கள் வீட்டில் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும் ஒரு கணக்கு அல்லது பட்டியல். மளிகைச் செலவு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம், பிள்ளையின் மதிப்பெண் என எதுவாகவும் இருக்கலாம்.
2. அதை முடித்தபின் கம்ப்யூட்டர் என்ன காட்ட வேண்டும் என்பது ஒரே வரியில்.
3. சரியா தவறா என்று சொல்லப் போகிறவர் யார் என்பது. கம்ப்யூட்டர் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.
4. ஐந்து படிகள். முதல் படி ஒரே நாளில் முடியும் அளவு சிறியதாக இருக்கட்டும்.
5. தினமும் எந்த அரை மணி நேரம் என்பது.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டாம். விட்ட படியிலிருந்து தொடருங்கள், போதும். படி முடிந்ததும் தாளில் ஒரு டிக் போடுங்கள். ஐந்து டிக் விழுந்ததும் எந்த மொழி படிக்கலாம் என்று யாரிடமும் கேட்க மாட்டீர்கள். அடுத்து எந்தக் கணக்கைப் போடலாம் என்றுதான் வீட்டைச் சுற்றிப் பார்ப்பீர்கள்.