பாரிஸ் மேசைப்பந்தாட்டமும் வீரர்தம் ஆட்டப்பாங்கும்

மேசைப்பந்தாட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் மாணவரை நோக்கி, "யார் வென்றார்?" என வினவின் உடனே விடை கூறுவர். "எவ்வாறு வென்றார்?" என வினவின், "நல்லாய் அடிச்சார், சேர்" என்பர். தமிழ்ப்பாட வகுப்பிலும் இதே நிலைமைதான். செய்யுள் நன்று என்பர். எதனால் நன்று என்பதைக் கூறார். இக்குறையை ஓரளவேனும் நீக்குதற்பொருட்டு, 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் நடைபெற்ற ஆடவர் ஒற்றையர் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒரு வீரரின் ஆட்டப்பாங்கை அறியும் வகையை இங்கு எழுதப் புகுந்தோம். நாம் பெயர்பெற்ற வீரரல்லோம். ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்து ஆடிய ஆட்டமும், இக்கல்லூரியில் மேசைப்பந்தாட்டப் பொறுப்பாசிரியராக இருந்து பெற்ற அனுபவமுமே நமது முதல்.

ஆட்டப்பாங்கு என்பது அடியின் அழகன்று. 2.74 மீற்றர் நீளமும் 1.525 மீற்றர் அகலமும் உடைய மேசையின் மீது, 2.7 கிராம் நிறையுள்ள பந்து கண்ணிமைப்பொழுதில் அப்புறமும் இப்புறமும் செல்கின்றது. ஒவ்வொரு பந்துக்கும் புதிதாகச் சிந்தித்து ஆடுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின் வீரர் நெடுநாட் பழக்கத்தால் தமக்கெனச் சில வழிகளை அமைத்துக்கொள்வர். மட்டையைப் பிடிக்கும் முறை, மேசையிலிருந்து நிற்கும் தூரம், பணிப்பு எனப்படும் முதலடி, எதிரியின் பணிப்பை ஏற்கும் விதம் ஆகியவற்றை நோக்கின் அவ்வழிகள் புலனாகும். இவற்றுள்ளும் பணிப்பை ஏற்றலே உரைகல் என்பது நமது கருத்து. பணிக்கும்போது பந்து நமது கையில் உள்ளது. விதிப்படி குறைந்தது 16 சென்ரிமீற்றர் உயர எறிந்து, விரும்பிய சுழலை அதற்கு ஊட்டலாம். ஏற்கும்போதோ பிறர் ஊட்டிய சுழலுக்கு விடை கூறல் வேண்டும். வீட்டில் தானே தெரிந்தெடுத்த கணக்கைச் செய்வதற்கும், பரீட்சைத் தாளில் வந்த கணக்கைச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

யூலை 30ஆந் திகதி சீன வீரர் வாங் சூச்சின், சுன் யிங்ஷா என்னும் வீராங்கனையுடன் இணைந்து கலப்பு இரட்டையரிற் பொற்பதக்கம் பெற்றார். அக்களிப்பிடையே படப்பிடிப்பாளர் ஒருவரின் காலடியில் அகப்பட்டு அவரது மட்டை முறிந்தது. மறுநாள், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அவர், 26ஆம் இடத்தில் இருந்த சுவீடன் வீரர் துரூல்ஸ் மொரெகோர்டிடம் 4-2 எனத் தோல்வியுற்றார். விடுதி மாணவர்க்கு ஐயமே இல்லை. "மட்டை முறிஞ்சபடியால்தான் தோத்தவர், சேர்" என ஒரே குரலிற் கூறினர். மாற்று மட்டை பழகிய மட்டைக்கு ஈடாகாது என்பது மெய்யே. ஆயினும் வாங் தாமே தமது தோல்விக்கு அதனைக் காரணமாகக் காட்டவில்லை. அவர் காட்டாத காரணத்தை நாம் அவர்க்காகக் காட்டுதல் முறையன்று; மொரெகோர்ட் ஆடிய ஆட்டத்தைக் காணாது விடுவதும் ஆகும்.

மட்டையைக் காரணமாக்குதல் இவ்விளையாட்டிற் பழைய வழக்கம். 1952ஆம் ஆண்டு, நம் பாட்டனார் காலத்திலே, பம்பாய் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் யப்பானிய வீரர் ஹிரோஜி சாத்தோ, தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையால் ஆடி வாகை சூடினார். பந்து படும் ஓசை கேளாமையால் எதிரிகள் தடுமாறினர். வென்றது மனிதனா மட்டையா என்ற வழக்கு நெடுநாள் நடந்து, 1959இலேதான் பஞ்சின் தடிப்புக்கு விதி வகுக்கப்பட்டது.

மொரெகோர்டின் மட்டையும் பேச்சுக்கு இடமாயிற்று. அது வட்டமன்று; அறுகோணமாக வெட்டியது. மட்டை எவ்வடிவினதாயினும் எவ்வளவினதாயினும் ஆகலாம் என்பது விதி. தட்டையாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும், தடிப்பில் நூற்றுக்கு 85 பங்கு இயற்கை மரமாதல் வேண்டும், அவ்வளவே. அவரது வன்மை கோணத்தில் இல்லை. மாற்றத்தில் உள்ளது என்றே நாம் கண்டோம். ஒரே வேகத்தில், ஒரே சுழலில் அவர் தொடர்ந்து பந்தை அனுப்புவதில்லை. ஒன்றை வன்மையாக அடித்தால் அடுத்ததை வலையோரம் மெல்ல வைப்பார்; பின்சென்று உயரத் தூக்குவார்; எதிர்பாராத கணத்தில் முன்வந்து தாக்குவார். இடக்கையரான வாங் போன்றோர் ஒரு தாளத்தில் அடித்தடித்து முன்னேறுபவர். தாளம் கலைந்தால் அத்தகையோர் தயங்குவர். அரையிறுதியில் பிரேசில் வீரர் ஊகோ கல்டரானோ முதற் செற்றில் 10-4 என முன்னின்றும் அதனை இழந்தமைக்கும் இத்தயக்கமே காரணம் எனலாம். அவர் 4-2 எனத் தோற்றார்.

இனி, பொற்பதக்கம் பெற்ற ஃபான் ஜென்டோங். இவர் ஆட்டத்திற் புதுமை தேடுவோர் ஏமாற்றமடைவர். மேசையை அணுகி நிற்றல், முன்கையாலும் பின்கையாலும் ஒரே வன்மையுடன் மேற்சுழல் அடித்தல், குறுகி விழும் பணிப்பையும் மணிக்கட்டைச் சுழற்றிப் பின்கையால் தாக்கி ஏற்றல் ஆகியவற்றை இக்காலத்து வீரர் பலரும் செய்வர். இவரிடம் உள்ளது அவற்றின் பிழையின்மை. ஆயினும் இவரை நாம் அறிந்துகொண்டது இறுதியாட்டத்தில் அன்று, காலிறுதியில். யப்பானிய வீரர் தொமொகசு ஹரிமோட்டோ முதலிரு செற்றுகளையும் தட்டிக்கொண்டார். அவரது பின்கை வேகத்தின் முன் ஃபான் தம் கைகாலை நீட்டவும் நேரமின்றித் திகைத்தார். மூன்றாவது செற்றிலிருந்து அவர் செய்ததை ஊன்றி நோக்கினோம். தமது அடியை மாற்றினாரல்லர். பந்து விழும் இடத்தை மாற்றினார் என்றே நமக்குத் தோன்றியது. முன்கையா பின்கையா என எதிரி மயங்கும் இடம், முழங்கைக்கு நேரே உள்ள இடம். அவ்விடத்துக்கும் அகன்ற முன்கைப்புறத்துக்கும் மாறிமாறிப் பந்தை அனுப்பினார். ஏழு செற்று நீண்ட அவ்வாட்டத்தை 4-3 என வென்றார். 2021இல் தோக்கியோவில் வெள்ளியோடு திரும்பியவர்க்கு, அவ்வேழாவது செற்றில் கை நடுங்காமை வியப்பே.

இறுதியாட்டம் ஓகஸ்ற் 4ஆந் திகதி, ஆடி அமாவாசையன்று நடைபெற்றது. தந்தையார்க்குரிய விரதம் முடித்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு உண்டு, மாலையில் விடுதிக்குச் சென்று மாணவருடன் அமர்ந்தோம். முதற் செற்று மொரெகோர்டுக்கு; ஏனைய நான்கும் ஃபானுக்கு. வேறு கூறுதற்கில்லை. (வாங் சூச்சின் 2025இல் தோகா நகரில் உலக வாகை சூடினார், கல்டரானோ அவ்வாண்டே உலகக் கிண்ணத்தை வென்றார். ஒரு நாளைய தோல்வியைக் கொண்டு வீரரை எடைபோடலாகாது என்று நம் மாணவர்க்கு அப்போது நினைவூட்டினோம்.)

நாம் மிகுதியும் எழுத விரும்பியது மூன்றாம் இடத்தைப் பற்றி. பிரான்சு நாட்டுப் பெலிக்ஸ் லெப்ரன், பதினேழு வயதினர், அரையிறுதியில் ஃபானிடம் ஒரு செற்றும் பெறாது தோற்று, பின்னர் கல்டரானோவை 4-0 என வென்று வெண்கலம் பெற்றார். இவர் பிடிப்பது பேனாப்பிடி. பேனாவைப் பிடிப்பது போலப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மட்டையைப் பிடித்தல் அது. கைகுலுக்குவது போன்ற பிடியே இன்று பெருவழக்கு. பேனாப்பிடியிற் பின்கை வன்மை குன்றும் என்பது நெடுநாளைய குறைபாடு. முன்புறத்தாலேயே இருபக்கமும் அடித்தமையால் வந்த குறை அது. 1990களில் சீன வீரர் லியூ குவோலியாங் மட்டையின் மறுபுறத்தாற் பின்கை அடிக்கலானார். வாங் ஹாவோ அதனை முழுமையாக்கினார். எனினும் இளையோர் பலரும் அப்பிடியைக் கைவிட்டனர். லெப்ரனோ சிறுவயதிலே தமது ஊரில் ஆடிய சீன வீரர் ஒருவரைப் பார்த்துப் பிடித்ததை விட்டாரல்லர். அவரது பணிப்பில் மணிக்கட்டு வளையும் வளைவைக் காணுங்கள். கைகுலுக்கற்பிடிக்கு அத்துணை வளைவு வாராது.

இதனை எழுதும்போது ஒன்றை மறைத்தல் தகாது. சில ஆண்டுகளின் முன் கீழ்ப்பிரிவு மாணவன் ஒருவன் பேனாப்பிடியோடு நம்மிடம் வந்தான். கைபிடி முறிந்த மட்டையொன்றால், இரண்டு வாங்குகளைச் சேர்த்துவைத்து வீட்டில் ஆடிப் பழகியவன். முறிந்த மட்டையை வேறு விதமாகப் பிடித்தல் இயலாது. அவனது பணிப்பை மூத்த மாணவரும் ஏற்க இடர்ப்பட்டனர். நாமோ பின்கையின் குறையை மட்டும் கண்டு, பிடியை மாற்றும்படி பணித்தோம். மூன்று வாரம் வந்தான், பின்னர் வந்திலன். நாமும் தேடிற்றிலோம்.

அவன் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கின்றான். வெண்கலத்துக்கான ஆட்டத்தின்போது விடுதித் திரையின் முன் கடைசி வரிசையில் இருந்தான். மறுநாட் பிற்பகல் அவனை அழைத்து, மேசைக்கு அப்புறம் நிற்கச் செய்து, மட்டையைக் கையிற் கொடுத்தோம். "எப்படிப் பிடிக்கிறது, சேர்?" என்றான். "முன்பு பிடித்தபடி" என்றோம். நாம் அனுப்பிய பந்தை மட்டையின் மறுபுறத்தால் அடித்தான். பந்து வலையில் வீழ்ந்தது. மற்றொரு பந்தை எடுத்தோம்.