மழைக்கு முன் மாநகராட்சியிடம் என்ன கேட்பது?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். குடியிருப்போர் சங்கங்களின் மனுக்களோ பெரும்பாலும் நவம்பரில், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகே மாநகராட்சிக்கு வருகின்றன. அந்த வேளையில் வார்டு உதவிப் பொறியாளரால் மோட்டார் பம்ப் அனுப்பத்தான் முடியும். தூர்வாருவதும் விடுபட்ட வடிகாலை இணைப்பதும் செப்டம்பருக்குள் முடிய வேண்டிய வேலைகள். அதற்கு முந்தைய ஏரியா சபைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்தே பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக இதைச் சொல்வேன். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. பெரிய சாலைகள் சிலவற்றின் வடிகால் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறது. அடையாறும் கூவமும் நீர்வளத் துறையின் பொறுப்பு. அடைப்பு பல நேரம் இவர்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். வடிகாலை மாநகராட்சி தூர்வாரியிருக்கும். அது போய் விழும் கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். ஒரு துறைக்கு மட்டும் எழுதினால் 'எங்கள் எல்லையில் வராது' என்று பதில் வரும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, இரு துறைக்கும் ஒரே மனுவை அனுப்பி, 'கூட்டு ஆய்வு வேண்டும்' என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு பொறியாளர்களும் ஒரே நாளில் அந்த இடத்தில் வந்து நின்றால்தான் வேலை நகரும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2025இல் வந்த திருத்தம், மாநகராட்சிகள் உள்ள நகரங்களுக்குத் தனி ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. துறைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவர இது உதவும் என்று நம்புகிறேன்.

மழைநீர் வடிகாலில் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக விடும் வீடு உங்கள் தெருவில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு வேறு கேள்விகள் உண்டு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அன்றிரவு அடையாற்றின் கரையோரத்தில் பலருக்குப் பொருள்களை எடுக்கக்கூட நேரமில்லை. ஏரி திறக்கும்போது எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்கள்? நிவாரண முகாமாகும் பள்ளியின் சாவி யாரிடம்? அந்தப் பள்ளி மேட்டில்தான் இருக்கிறதா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? இவற்றை ஆகஸ்டிலேயே கேட்டுவிட வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் எடுப்பவர்கள் உள்ள வீடுகளை, அவர்களின் சம்மதத்தோடு பட்டியலிட்டு வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். படகு வரும்போது முதலில் எந்த வாசலுக்குப் போவது என்று அப்போது தேட வேண்டியிருக்காது.

தண்ணீர் வடிந்த பின் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். சம்ப்பைக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வெள்ளநீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவ முகாமில் வெள்ளத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிவாரணம் வருவது குடும்ப அட்டையை ஒட்டி. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகத்தான் தரப்பட்டது. அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வாடகைக்குக் குடியிருப்போர் வாடகை ஒப்பந்தம், காஸ் ரசீது போன்றவற்றின் நகலை உயரமான இடத்திலும் கைப்பேசியிலும் வைத்திருங்கள்.

சுவரில் வெள்ளம் ஏறிய தடத்தைக் கழுவுமுன், அளவு நாடாவை வைத்துத் தேதியோடு படமெடுங்கள். தெருவில் நாலைந்து வீடுகளின் அளவு கிடைத்தால், அடுத்த ஆண்டு பம்ப் எங்கே வேண்டும், எந்த வடிகாலின் சரிவு தவறு என்று பொறியாளரிடம் ஆதாரத்தோடு பேசலாம்.