இன்று இடும் கல்



ஒழுங்கு என்றவுடன் பிரம்பும் தண்டனையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. பிறர் ஏவ நாம் பணிவது கட்டுப்பாடு. நமக்கு நாமே ஏவி, நாமே பணிவது தற்கட்டுப்பாடு. பிரம்பு பள்ளி வாயிலோடு நின்றுவிடும். தற்கட்டுப்பாடோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். அதனை இளமையிலேயே பழக வேண்டுவது ஏன் என்பதை, நாம் நன்கறிந்த சிலவற்றைக் கொண்டே இங்கு ஆராய்வோம்.

உட்லண்ட்ஸ் கரையில் நின்று வடக்கே நோக்கினால் ஜொகூருக்குச் செல்லும் கடற்பாலம் தெரியும். அதன் நீளம் 1,056 மீட்டர். 1919ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 1923இல் அதன்மீது ரயில் ஓடியது. 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. புலாவ் உபின், புக்கிட் தீமா ஆகிய இடங்களிலிருந்து வந்த கருங்கற்களைக் கடலில் கொட்டிக் கொட்டியே அதனை எழுப்பினார்கள். முதலில் கொட்டிய கற்கள் யாவும் நீருக்குள் மறைந்தன. "இட்ட கல் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்று அன்று நிறுத்தியிருந்தால் பாலம் ஏது? நாள்தோறும் எழுதும் ஒரு பக்கமும், மனனம் செய்யும் வாய்பாடும் அத்தகைய கற்களே. அவற்றின் பயன் உடனே மேலே தெரிவதில்லை.

நன்மை மட்டுமன்று, தீமையும் பிந்தியே தெரியும். இதற்கு ரப்பர் மரமே சான்று. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் மிகுதி. ஆகவே உளியைச் சற்று ஆழமாக இறக்கினால் அன்றைய மங்கில் பால் கூடும். ஆனால் உள்ளிருக்கும் மெல்லிய வளர்படலம் காயமுற்றால், அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. மெல்லிதாகச் சீவிய மரமோ பட்டையைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் பால் தரும். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். இன்றைய சிறு ஆசையை அடக்கினால் நாளைய பயன் நிலைக்கும் என்பதே அம்முறையின் உட்பொருள்.

இழந்த காலத்தைப் பின்னர் மீட்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் விலை பெரிது. சிங்கப்பூரின் அதிபராக 1999 முதல் 2011 வரை விளங்கிய திரு. எஸ். ஆர். நாதன் அவர்களின் வாழ்க்கையைக் காண்க. 1924இல் பிறந்த அன்னார், இளமையின் சில ஆண்டுகளை ஜொகூரின் மூவாரில் கழித்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் வறுமையுற்றது, பள்ளிப் படிப்பு தடைப்பட்டது, பதின்ம வயதில் வீட்டைவிட்டும் வெளியேறினார். பின்னர் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூக ஆய்வுப் பட்டயம் பெற்றபோது வயது முப்பதை எட்டியிருந்தது. மறு ஆண்டில் மருத்துவமனைச் சமூக ஊழியரானார். ஏவுவார் ஒருவரும் இல்லாத நிலையில் தமக்குத் தாமே ஆசிரியராகிப் படித்த உறுதி போற்றத்தக்கது. அத்தகைய உறுதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பகல் முழுதும் உழைத்துக் களைத்தபின் புத்தகத்தைத் திறப்பதினும், பன்னிரண்டு வயதில் விளையாட்டு முடிந்தவுடன் திறப்பது எத்துணை எளிது!

பெற்றோர்களே! சிங்கப்பூரில் 1955ஆம் ஆண்டு முதல் மத்திய சேம நிதி நடைபெறுகிறது. தொழிலாளியின் முதுமைக்கென ஊதியத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் ஒதுக்கப்படுகிறது. பணத்தை ஒதுக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் நேரத்தை ஒதுக்கச் சட்டம் ஏதுமில்லை. அதனை வீடுதான் ஒதுக்க வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். தந்தை மதுக்கடையில் அமர்ந்துகொண்டு மகனைப் "படி" என்று சொன்னால் அச்சொல் செவியில் ஏறாது. விடியுமுன் எழுந்து, குளிர் தணியுமுன் மரத்தடியில் நிற்பவர்கள் தற்கட்டுப்பாட்டை ஏட்டில் படித்தவர்களல்லர்; வாழ்ந்து காட்டுபவர்கள். அந்தக் காலைப் பண்பு மாலையிலும் இல்லத்தில் விளங்குமாயின் பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டா.

மாணவர்களே! பெரிய சபதம் எதுவும் வேண்டுவதில்லை. குறித்த நேரத்தில் எழுதல், அன்றன்றைய பாடத்தை அன்றன்றே முடித்தல், கிடைத்த காசில் ஒரு பகுதியைச் சேர்த்தல், தீய நட்பு அழைக்கும்போது "வரவில்லை" என்று கூறுதல் ஆகிய நான்கே போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்க. தவறு ஒரு நாளோடு நிற்க வேண்டும், பழக்கமாகிவிடக் கூடாது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. ஐம்பதிலும் வளைந்தோர் உண்டு. வளையும்போது அவர்கள் பட்ட நோவையும் அவர்களே அறிவர். உங்களுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. இன்று மாலைப் பாடம் காத்திருக்கிறது, அதிலிருந்தே தொடங்குங்கள்.