படகுக்கு எந்த இன்ஜின்? விலையை விட்டுட்டு, கடலுக்குப் போற நாளை எண்ணுங்க

நீங்க சென்னையில வேலை பார்க்கிறீங்க. முடசல்ஓடையில ஃபைபர் படகு வெச்சிருக்கிற தாய்மாமா போன் பண்றார்: "மாப்ள, பழைய இன்ஜின் போயிடுச்சு. லோன் போட்டுத் தர முடியுமா?" புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதுசில்ல. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுவோம்.

படகுக்கு வெளியே மாட்டுற பெட்ரோல் இன்ஜின்ல ரெண்டு வகை. டூ ஸ்ட்ரோக் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனா பெட்ரோல் அதிகம் குடிக்கும், அதில ஆயிலும் கலக்கணும். ஃபோர் ஸ்ட்ரோக் விலை அதிகம், எரிபொருள் மிச்சம்.

ஒரு உதாரணம் (எண்கள் கணக்குக்காக மட்டும், உங்க கொட்டேஷனை வெச்சு மாத்திக்குங்க):

டூ ஸ்ட்ரோக்: ரூ.1,10,000, ஒரு நாளைக்கு 12 லிட்டர்.
ஃபோர் ஸ்ட்ரோக்: ரூ.1,80,000, ஒரு நாளைக்கு 9 லிட்டர்.

விலை வித்தியாசம் ரூ.70,000. இதை 14% வட்டியில 3 வருஷ பர்சனல் லோனா எடுத்தா, வட்டியோட சுமார் ரூ.86,000. பெட்ரோல் லிட்டர் ரூ.100னு வெச்சா, நாளுக்கு மிச்சம் ரூ.300.

வருஷத்துக்கு 180 நாள் கடலுக்குப் போனா மிச்சம் ரூ.54,000. வித்தியாசம் 19 மாசத்துல திரும்பிடும். ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம்.

80 நாள்தான் போறார்னா மிச்சம் ரூ.24,000. திரும்பி வர மூணரை வருஷத்துக்கு மேல ஆகும். லோன் முடிஞ்ச பிறகும் போட்ட பணம் வந்திருக்காது.

அதனால மாமாகிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி: "போன வருஷம் எத்தனை நாள் போனீங்க?" ஐப்பசி, கார்த்திகை மழையில படகு கரையில கிடக்கும், உங்க இஎம்ஐ ஓடிட்டேதான் இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இருக்காரான்னும் விசாரிங்க. இன்ஜின் நின்ன நாள் வருமானமும் நின்ன நாள்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம்:

1. மீன்பிடிப் படகுக்கான மரைன் இன்ஜினுக்கு ஜிஎஸ்டி 5%னு 2018 ஆகஸ்ட் சுற்றறிக்கை சொல்லுது. கொட்டேஷன்ல அதிகம் இருந்தா காரணம் கேளுங்க.

2. இன்ஜினுக்கு மானியம் நடப்புல இருக்கான்னு மீன்வளத் துறை அலுவலகத்துல முதல்ல கேளுங்க. வாங்கிட்டு வந்து கேட்டா கிடைக்காமப் போகலாம்.

3. தாய்மாமா உங்களுக்குக் கொடுத்தா வரி இல்லாத அன்பளிப்பு. நீங்க அவருக்குக் கொடுத்தா அப்படி இல்ல, வருஷத்துக்கு ரூ.50,000 தாண்டினா மொத்தமும் அவர் வருமானத்துல சேரும். கடனா கொடுக்கிறீங்கன்னா எழுதி வெச்சு, பேங்க் வழியா அனுப்புங்க. ரூ.20,000 அல்லது அதுக்கு மேல கடனை ரொக்கமா வாங்கினா அவருக்கு அபராதம் வரலாம்.

மாமாவுக்கு உதவுங்க, தப்பே இல்ல. ஆனா கணக்கை அவரோட சேர்ந்து உட்கார்ந்து போடுங்க. கடல்ல எத்தனை நாள்னு அவருக்குத்தான் தெரியும்; வட்டி எவ்வளவுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.