ஃபால்ஸ் சீலிங் விளக்கு கருகினால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: சொந்த ஃபிளாட்டில் இன்டீரியர் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஓராண்டுக்கு முன் ஃபால்ஸ் சீலிங் அமைத்து எல்இடி ஸ்பாட் லைட்டுகளைப் பதித்தார். இப்போது ஒரு விளக்கைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறது. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தபோது, வெறும் டேப் சுற்றி இணைத்த கம்பிகள் கருகியிருந்தன. இழப்பீடு கோர முடியுமா? யாரிடம்?

பதில்: கோர முடியும். யாரிடம் என்பது, சூடு எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்தது.

எல்இடி விளக்கில் அதிகம் சூடாவது அதன் முதுகுப் பக்கமும், சீலிங்குக்கு மேலே கிடந்து விளக்குக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவர் என்ற சாதனமும்தான். அந்தச் சூடு வெளியேற இடைவெளி வேண்டும். மேலே தெர்மாகோலோ கிளாஸ் வுல்லோ மூடியிருந்தால் சூடு உள்ளேயே தேங்கும். கனெக்டர் இல்லாமல் முறுக்கிவிட்ட கம்பிகள் நாளடைவில் தளர்ந்தால், தளர்ந்த இடமே கொதிக்கும். மின்னோட்டம் அளவைத் தாண்டாததால் எம்சிபி விழாது. கசிவு இல்லாததால் ஆர்சிசிபியும் விழாது. ஜிப்சம் பலகை எளிதில் எரியாது. பிளைவுட்டும் தெர்மாகோலும் எரியும். ஆகவே பழுப்பு வளையத்தை அழுக்கென்று துடைத்துவிடக் கூடாது.

இந்தக் கேள்வியில் முதல் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கே. பழைய பல்பை மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் புதிதாக வயர் இழுத்து விளக்குகளைச் சேர்ப்பதை, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை. உரிமம் இல்லாதவரை வைத்து வேலை முடித்திருந்தால், அதுவே அலட்சியத்துக்கு வலுவான சான்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 85ஆம் பிரிவு, குறையுள்ள சேவையால் நேர்ந்த சேதத்துக்குச் சேவை தந்தவரைப் பொறுப்பாக்குகிறது.

கோளாறு விளக்கிலோ டிரைவரிலோ இருந்தால் 84ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் பொறுப்பு. போதிய எச்சரிக்கை தராததும் இதில் அடங்கும். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத விளக்கை விற்ற கடைக்காரர் 86ஆம் பிரிவில் சிக்குவார். ஆனால் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளே சொல்லியும் மீறிப் பொருத்தியிருந்தால், எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளர் மீது பழி போட முடியாது; பொறுப்பு பொருத்தியவரிடமே திரும்பும்.

விளக்குகளோடு வீட்டை ஒப்படைத்தவர் கட்டுநரே என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3) பிரிவு உதவும். ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வேலைத்தரக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். வீட்டுக்காரர் பின்னர் தாமே செய்துகொண்ட சீலிங்குக்கு இது பொருந்தாது.

வழக்கு நிற்பதும் விழுவதும் சான்றைப் பொறுத்தது. முதலில் அந்த சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கிவைக்க வேண்டும். எதையும் பிரிக்குமுன், பிரிக்கும்போது, பிரித்த பின் என்று மூன்று நிலையிலும் படம் எடுக்க வேண்டும். கருகிய விளக்கு, டிரைவர், கம்பித் துண்டு ஆகியவற்றை உறையிலிட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். அவற்றை ஒப்பந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் வழக்கின் உயிரே போய்விடும். உரிமம் பெற்ற வேறொருவர் கம்பிகளின் மின்காப்பை மெக்கர் கருவி வைத்துச் சோதித்து, மற்ற விளக்குகளையும் பார்த்து, கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். தீப்பிடித்திருந்தால் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் தேவை. பில் இல்லாவிட்டாலும், கொட்டேஷன், வாட்ஸ்அப் உரையாடல், வங்கியில் பணம் போன பதிவு ஆகியவை ஒப்பந்தத்தைக் காட்டும்.

அடுத்து, குறையையும் கோரும் தொகையையும் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் தந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பலாம். பலன் இல்லாவிட்டால், குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். சீலிங்கைச் சரிசெய்யும் செலவு, சேதமான பொருள்களின் மதிப்பு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகிய நான்கையும் ஒரே புகாரில் கேட்கலாம்.