மோட்டார் வண்டியில் ஒலி மின்பெருக்கியைப் பொருத்தும் இடமும் முறையும்

கிராமங்களுக்குச் செல்லும் விளம்பர வண்டிகளிலும் சொந்த உபயோகத்திற்கான கார்களிலும் ஒலிப்பெட்டிகளை இயக்க ‘ஆம்பிளிபயர்’ எனப்படும் மின்பெருக்கி பயன்படுகிறது. ரேடியோவிலிருந்தோ ஒலிவாங்கியிலிருந்தோ வரும் நலிந்த மின் அலையை, ஒலிப்பெட்டியின் கூம்பை அசைக்கவல்ல ஆற்றலுடையதாக ஆக்குவதே இதன் பணியாகும். இதனைப் பொருத்துவதில் நேரும் பிழை, கருவியைக் கெடுப்பதோடு நில்லாமல் வண்டியில் தீ மூளவும் காரணமாகலாம். ஆகவே, இதன் அடிப்படை விதிகளைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

1. வெப்பம்

பாட்டரியிலிருந்து பெறும் ஆற்றல் முழுவதையும் மின்பெருக்கி ஒலிப்பெட்டிக்கு அளிப்பதில்லை. ‘ஏபி’ வகுப்பைச் சேர்ந்த பெருக்கி முழு அளவில் இயங்கும்போது ஏறத்தாழப் பாதியை வெப்பமாக இழக்கிறது. 200 வாட் வெளியிடும் பெருக்கி 400 வாட் உட்கொள்ளும் எனக் கொள்வோம். எஞ்சிய 200 வாட்டும் அதன் உலோக உடலின் வழியே காற்றில் கலந்தாக வேண்டும். ‘டி’ வகுப்புப் பெருக்கிகளில் இவ்விழப்பு மிகக் குறைவு. எனினும் அவற்றிற்கும் காற்றோட்டம் தேவையே. உலோக உடலிலுள்ள வரித் தகடுகள் செங்குத்தாக நிற்குமாறு பொருத்தினால், சூடேறிய காற்று தடையின்றி மேலெழும். பெருக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் வெப்பம் கருவிக்குள்ளேயே திரும்பும்.

2. இடம்

இருக்கையின் அடிப்புறம் மறைவானது. கம்பியின் நீளமும் குறையும். ஆயினும் இருக்கை முன்பின் நகரும்போது கருவியில் இடிக்கலாகாது. காலணிகளில் வரும் மழைநீர் அங்கே தேங்கக்கூடுமாதலால், கருவியைத் தரையினின்று சற்று உயர்த்தி அமைத்தல் நலம். பின்புறச் சாமான் அறையின் பக்கச் சுவரும், பின்னிருக்கையின் முதுகுப்புறமும் நல்ல இடங்கள். அங்கே சாமான்கள் கருவியின்மீது சாயாதவாறு ஒரு தடுப்பு வேண்டும். தாழ்ந்த சுருதி ஒலிப்பெட்டியின்மீது பொருத்துதல் தவறு. அதன் ஓயாத அதிர்வினால் திருகாணிகளும் பற்றிணைப்புகளும் தளர்ந்துவிடும். எஞ்சின் அறையில் வெப்பமும் நீரும் மிகுதியாதலால் அவ்விடம் அறவே ஆகாது.

3. துளையிடுமுன்

பாட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றிவிடுக. தகட்டின் மறுபுறத்தில் பெட்ரோல் தொட்டியோ, எரிபொருட்குழாயோ, பிரேக் குழாயோ உள்ளதா என வண்டியின் அடியில் சென்று பார்த்த பின்னரே துளையிடுக. இருக்கையின் கீழ் மஞ்சள் நிற இணைப்பிகள் காணப்படின், அவை பெரும்பாலும் காற்றுப்பைப் பாதுகாப்பைச் சேர்ந்தவை, அவற்றைத் தொடலாகாது. மரப்பலகையொன்றை வண்டியில் முதலில் இறுக்கி, அதன்மீது பெருக்கியைத் திருகுவது எளிய முறையாகும்.

4. கம்பியும் பியூஸும்

முற்கூறிய பெருக்கி, 12 வோல்ட்டு பாட்டரியிலிருந்து 33 ஆம்பியர் வரை இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 5 மீட்டர் நீளத்திற்கு இழுத்தால், அதில் மட்டுமே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பாகும், கம்பியும் சூடேறும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் குறைவு.

கருவியிலேயே பியூஸ் இருக்கும்போது மற்றொன்று எதற்கு எனச் சிலர் வினவுவர். கருவியிலுள்ள பியூஸ் கருவியை மட்டுமே காக்கும். இடையிலுள்ள கம்பி எங்கேனும் உரசி வண்டியின் உடலைத் தொட்டால், பாட்டரி பல நூறு ஆம்பியர்களை அதன் வழியே பாய்ச்சும். சில நொடிகளில் உறை பற்றியெரியும். ஆகையால், பாட்டரியினின்று சுமார் 45 சென்டிமீட்டருக்குள், கம்பியின் தாங்குதிறனுக்கு மேற்படாத பியூஸ் ஒன்றை அமைத்தல் இன்றியமையாதது. தகட்டைக் கடக்கும் துளைக்கு ரப்பர் வளையம் இடுக.

தரையிணைப்புக் கம்பி தடிப்பில் மற்றதற்குச் சமமாயும் நீளத்தில் குறுகியதாயும் இருத்தல் வேண்டும். உடலிலுள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டி, பளிச்சிடும் இரும்பில் அதனை இறுக்குக. மின்கம்பியை வண்டியின் ஒரு பக்கமாகவும், ஒலி அலைக் கம்பியை மறுபக்கமாகவும் கொண்டுசெல்க. இன்றேல் எஞ்சினின் வேகத்திற்கேற்ப ஏறியிறங்கும் ஊளையோசை ஒலிப்பெட்டியில் கேட்கக்கூடும்.

5. வகுப்பில் செய்து காண்க

12 வோல்ட்டு பாட்டரி, தக்க பியூஸ், வண்டி விளக்கு ஒன்று, மெல்லிய நீண்ட கம்பிகள் இரண்டு ஆகியவற்றை இணைத்து விளக்கை ஏற்றுக. பாட்டரியின் முனைகளிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ட்டளவை எடுத்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. பின்னர் அதே நீளமுள்ள மற்றொரு இணைக் கம்பியை ஒவ்வொன்றுடனும் பக்கத்தே சேர்த்து மீண்டும் அளக்க. இழப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறையும், விளக்கும் பிரகாசமடையும். தடித்த கம்பி ஏன் வேண்டும் என்பதை மாணவர் இதனால் தாமே உணர்வர்.

வினாக்கள்: (1) கம்பியின் நீளம் இரு மடங்கானால் இழப்பு எவ்வாறு மாறும்? (2) பியூஸை மின்பெருக்கியின் அருகில் மட்டும் வைத்தால் எப்பகுதி காப்பின்றி நிற்கும்?