தேன் எடுக்கும் மெஷின்: பார்த்து வாங்குவோம், பக்குவமாய்ப் பாவிப்போம்



லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு தேனீப் பெட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது: "தேன் எடுக்கிற மெஷின் வாங்கினா கட்டுபடியாகுமா?" உழைத்த காசு வீண்போகக் கூடாது. ஆகவே இம்முறை இதைப் பாடமாகப் படிப்போம்.

மெஷின் எதற்கு?

அடையைக் கையால் பிழிந்தால் தேனோடு புழுவும் மகரந்தமும் கலந்துவிடும். அந்தத் தேன் சீக்கிரம் புளித்துப்போகும். அடையும் அதோடு சரி. ஒரு கிலோ மெழுகு உண்டாக்கத் தேனீ பல கிலோ தேனைத் தின்ன வேண்டும். அடையை அழித்தால் அடுத்த தேனையும் சேர்த்தே அழிக்கிறோம். நம் நாட்டுத் தேனீயோ தொல்லை கூடினால் பெட்டியைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடும்.

ஈரத் துணியைச் சுழற்றினால் தண்ணீர் வெளியே தெறிக்கிறதல்லவா? மெஷினும் அப்படித்தான். 1865இல் பிரான்ஸ் ஹ்ருஷ்கா என்ற ஒஸ்திரிய இராணுவ அதிகாரி இதைக் கண்டுபிடித்தார். தேன் வெளியே வரும், அடை முழுசாய் மிஞ்சும். அதே அடையைத் திரும்பப் பெட்டியில் வைக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. சட்டம் பொருந்த வேண்டும். வெளிநாட்டு மெஷின்கள் பல அவர்களுடைய பெரிய சட்டத்துக்குச் செய்தவை. நம் தேனீயின் சட்டம் சிறியது. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் அமைத்த பெட்டியில் தேன் சட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் உயரந்தான். கடைக்குப் போகும்போது உங்கள் வெறும் சட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

2. எவர்சில்வர் நல்லது. தேனில் புளிப்புத்தன்மை உண்டு. நாகம் பூசிய தகரத்தை அது மெல்ல அரிக்கும்.

3. இரண்டு அல்லது நான்கு சட்டம் கொள்ளும் கைமெஷின் போதும். கரண்ட் மெஷின் தேவையில்லை.

4. கைபிடியைச் சுற்றிப் பாருங்கள். பல்சக்கரம் இடறக் கூடாது. தேன் வரும் குழாய் அடிமட்டத்திலேயே இருக்க வேண்டும்.

5. ஒரு வீட்டுக்கு ஒரு மெஷின் வேண்டாம். வருஷத்தில் சில நாள்தான் அதற்கு வேலை. ஐந்தாறு குடும்பம் சேர்ந்து வாங்கி, முறைவைத்துப் பாவித்து, கழுவிக் கொடுத்தால் செலவு குறையும்.

பாவிக்கும் முறை

அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடியிருந்தால்தான் தேன் முற்றியது. மூடாத தேனில் நீர் அதிகம். முட்டை, புழு உள்ள அடையை மெஷினில் வைக்கவே கூடாது. தேனீக்குச் சாப்பாடாகக் கொஞ்சம் தேனை விட்டுவிட வேண்டும். மழை மாதங்களில் அதுதான் அதற்கு அரிசி, மாவு.

கதவு சாத்திய அறைக்குள் எடுங்கள். திறந்த வெளியில் எடுத்தால் மற்றக் கூட்டுத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்து, துடைத்து, மெழுகு மூடியை மட்டும் சீவுங்கள். எடை சமமாக உள்ள அடைகளை எதிரெதிரே வையுங்கள். முதலில் மெதுவாகச் சுற்றி ஒரு பக்கத்தில் பாதித் தேன் எடுங்கள். பிறகு திருப்பி மறுபக்கம் முழுதும் எடுங்கள். மறுபடி திருப்பி மிச்சத்தை எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே வேகமாகச் சுற்றினால் புது அடை உடைந்துவிடும்.

வெறும் அடையைப் பொழுது சாயும் நேரத்தில் பெட்டியில் வையுங்கள். தேனைத் துணியில் வடித்து, ஓரிரு நாள் மூடி வைத்து, மேலே வரும் நுரையை நீக்கி, ஈரமில்லாத போத்தலில் ஊற்றுங்கள். காய்ச்ச வேண்டாம்.

மலையிலும் தீவிலும்

நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடக் குறிகட்டுவானில் படகு ஏறிப் போனவர்களுக்குத் தீவகம் தெரியும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பக்கம் பனையும் தென்னையும் வேம்பும். நம் பக்கம் யூக்கலிப்டஸ். இறப்பர்த் தோட்டங்களில் மாசி, பங்குனியில் துளிர்க்கும் இளந்தளிரில் தேனீக்கு இனிப்பு கிடைக்கிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீ எல்லா இடத்திலும் ஒன்றுதான். மெஷினும் ஒன்றுதான். ஆனால் பாவிப்பு வேறு.

தீவில் வெயிலுக்குத் தேன் இளகி ஓடும், சுற்றுவது சுலபம். ஆனால் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. அங்கே எவர்சில்வர் இல்லாமல் சரிவராது. நுவரெலியாக் குளிரிலோ தேன் இறுகி நிற்கும். காலைக் குளிரில் சுற்றினால் தேனும் வராது, அடையும் உடையும். வெயில் ஏறிய பிறகு, பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சுற்றுங்கள்.

கட்டாயம் கவனியுங்கள்

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலைச் சோரவைத்து, மூச்சையே நிறுத்தக்கூடும். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மரத்திலும் பாறையிலும் பெரிதாய்த் தொங்கும் மலைத்தேனீக் கூட்டுக்கு இந்த மெஷின் உதவாது. கொழுந்து மலையில் அதைக் கண்டால் கல்லெறியாமல், புகை போடாமல், விலகி வந்து கங்காணிக்கு அறிவியுங்கள்.

பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. காசு கொடுக்குமுன் அங்கே ஆலோசனை கேட்பது நல்லது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் பெட்டியில் எத்தனை தேன் சட்டம் இருக்கிறது?
2. யார் யாரோடு சேர்ந்து மெஷின் வாங்கலாம்? யார் வீட்டில் வைப்பது?
3. நம் லயத்தில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் எவை? அவர்களுக்குத் தேன் பற்றி யார் சொல்வது?